ஸ்வெட்டர் போட்ட வண்டு

1998, ஜூலை மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டவை இரண்டு உள்ளங்கால்கள். ஈரப் புல்லில், குதிகால்கள் வானத்தைப் பார்க்க, அசையாமல் கிடந்தன. அவற்றுக்கு அப்பால் நீலப் பூப்போட்ட நைட்டி. அதன்மேல் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று. முகம் கத்தரிச் செடிக்குள் இருந்தது.

குப்பைப் பையோடு வெளியே வந்த நான், யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்று ஓடினேன். பக்கத்தில் போவதற்குள் வலது கை மட்டும் மேலே எழுந்து என்னை நிறுத்தியது.

"சத்தம் போடாதீங்க தம்பி. இப்ப அடிக்கும் பாருங்க."

அடித்தது. மேசை மேல் வைத்த பேஜர் துடிப்பதைப் போல ஒரு சத்தம், சின்னதாக. நின்றது. மறுபடியும் துடித்தது. குனிந்து பார்த்தேன். ஊதா நிறக் கத்தரிப் பூவின் நடுவில் உள்ள மஞ்சள் குழலைக் கவ்விக்கொண்டு ஒரு வண்டு தலைகீழாகத் தொங்கியது. முன்பாதி மஞ்சள் பஞ்சு, பின்பாதி கறுப்புப் பஞ்சு. இறக்கை அசையவில்லை. உடம்பு மட்டும் அதிர்ந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் பூவிலிருந்து மஞ்சள் பொடி அதன் வயிற்றில் கொட்டியது.

"உப்பு டப்பாவ ஆட்டற மாதிரி ஆட்டுதுங்க. ஆட்டினாத்தான் பொடி கொட்டுது, பொடி கொட்டினாத்தான் காய் புடிக்குது." எழுந்து உட்கார்ந்தார். முழங்கையிலும் கன்னத்திலும் புல் ஒட்டியிருந்தது. "நான் மோருன்னு சொன்னது தப்புங்க தம்பி. மோருக்கும் காய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

மோர் விஷயம் இது. எங்களுடையது நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷன். ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். எங்கள் வரிசையில் பாதி தமிழ்க் குடும்பங்கள். எல்லார் வீட்டுப் பின்புறத்திலும், ஏசி பெட்டிக்கும் மரத் தளத்துக்கும் நடுவே கிடைத்த மண்ணில் தக்காளியும் கத்தரியும் வைத்திருந்தோம். அந்த வருடம் கத்தரி பூத்தது, பூவெல்லாம் உதிர்ந்தது. கடைசி வீட்டில் மட்டும் காய் பிடித்தது. என்ன போட்டீர்கள் என்று கேட்டதற்கு அந்த வீட்டுக்காரரான இந்த அக்கா, "புளிச்ச மோரு ஊத்தினேன்" என்றார். அதன்பின் எங்கள் வரிசை முழுவதும் புளித்த மோர் ஊற்றியது. வெயில் நேரத்தில் அந்தப் பக்கம் கார் நிறுத்தவே ஆட்கள் தயங்கினார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை, நைட்டிக்கு மேல் துப்பட்டா ஒன்றைப் போட்டுக்கொண்டு அவர் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினார். காபி குடித்துக்கொண்டிருந்தவர்களிடமும் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்களிடமும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார். மோர் தப்பு. வண்டுதான். அந்த வண்டு அவர் வீட்டுக்கு வருவது பூத்து நிற்கும் துளசிக்காக இருக்கலாம், ஆனால் அதை உறுதியாகச் சொல்ல மாட்டார்.

"என்ன வண்டு அக்கா அது?" என்று கேட்டேன்.

"நம்மூரு கருவண்டுதாங்க. இங்கத்த குளுருக்கு ஸ்வெட்டர் போட்டிருக்குது."

எங்கள் எல்லாருக்கும் அவர் 'கடைசி வீட்டு அக்கா'. நாற்பது வயதுக்குப் பக்கம். கோபிசெட்டிபாளையத்துக்காரர். பேச்சில் ஒரு 'ங்க' விழாத வாக்கியம் கிடையாது. ஐந்து வயதுக் குழந்தையிடமும் 'வாங்க கண்ணு' என்றுதான் பேசுவார். கணவருக்குக் கணினி ஆலோசகர் வேலை. இவருக்கு வந்த விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை.

நான் மதுரையில் ஒரு நாளிதழில் ஒன்பது வருடம் துணையாசிரியராக இருந்தவன். எங்கள் பத்திரிகையில் தவறு முதல் பக்கத்தில், நான்கு பத்தித் தலைப்பில் வரும். திருத்தம் ஏழாம் பக்கத்தில், நீத்தார் அறிவிப்புக்குக் கீழே, பொடி எழுத்தில் வரும். இந்த அக்காவிடம் தவறும் திருத்தமும் ஒரே அளவு எழுத்தில் வந்தன. பல நேரம் திருத்தம்தான் பெரியது.

தீபாவளி விழா ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் நடந்தது. ஆளுக்கொரு பண்டம் செய்து கொண்டு வந்திருந்தோம். தட்டோடு எல்லாரும் வரிசையில் நிற்க, அக்கா எட்டிப் பார்த்து, பின்னால் நின்ற விஜி என்ற பெண்ணைக் கூப்பிட்டார்.

"விஜீ, போன பொங்கலுக்கு நீங்க கொண்டாந்த குலாப்ஜாமூன் பாக்கெட் மாவுன்னு கீதாகிட்ட சொல்லிப்போட்டனுங்க. தப்பு. நீங்க பாலைக் காய்ச்சித்தான் செஞ்சீங்களாமே. உங்க வீட்டுக்காரர் இப்பத்தான் சொன்னாரு."

கீதா என் மனைவி. அந்தப் பேச்சு அவள் காதைத் தவிர வேறு எங்கும் போயிருக்கவில்லை. இப்போது வரிசை முழுவதும் கேட்டது. விஜி அக்காவிடம் சிரித்துப் பேசினாள். கீதாவிடம் மூன்று மாதம் பேசவில்லை.

"ஏங்க, நான் கேட்டுட்டு மட்டும்தானே இருந்தேன்?" என்றாள் கீதா, காரில்.

அக்காவின் கணவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "கல்யாணமான புதுசுல எங்கம்மாவப் பத்தி ஒரு வார்த்தை சொன்னா. அதுக்கப்புறம் பையன் பொறந்து ஸ்கூல் போனான். ஒருநாள் கோபிக்குப் போனப்ப, எங்கம்மா முறத்துல அரிசி பொடச்சுட்டு இருக்காங்க, இவ போயி முன்னாடி நின்னு, 'அத்தை, அன்னிக்கு அப்படி நெனச்சது தப்புங்க'ன்னா. எங்கம்மாவுக்கு எதுவுமே ஞாபகமில்ல. என்ன நெனச்சேன்னு கேட்டாங்க. சொன்னா. அதுக்கப்புறம்தான் சண்டை ஆரம்பிச்சுது."

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை நேரடியாகவே கேட்டேன். அவர் கல்யாணத்துக்குப் பிறகும் சில வருடங்கள் ஊரில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இருந்தார். ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற வேலை.

"தப்பு ரிசல்ட் வார்டுக்குப் போயிருச்சுன்னா போன்ல சொல்லக் கூடாதுங்க தம்பி. அது எங்க டாக்டரம்மா வச்ச சட்டம். நாமளே மாடியேறிப் போயி, அந்தச் சீட்ட கேட்டு வாங்கி, அவங்க கண்ணு முன்னாலயே கிழிச்சுப்போட்டு, புதுச தரோணும். போன்ல சொன்னா பழைய சீட்டு அங்கயே கெடக்கும். ராத்திரி டூட்டிக்கு வர்றவங்க அதப் பாத்துத்தான் மருந்து குடுப்பாங்க."

சொல்லிவிட்டு, உரித்துக்கொண்டிருந்த அவரைக்காயைத் தொடர்ந்து உரித்தார்.

அந்தக் கோடையில் அவர் மாடியேறிப் போவதற்கு ஒரு வீடு வந்தது. அது சுதா வீடு.

சுதா சென்னைப் பெண். கணினி வேலை, காலை ஏழரைக்கு மகளை டேகேரில் விட்டுவிட்டு ஓடுகிறவள். மகள் அனுவுக்கு ஐந்து வயது. அதற்கு முந்தின கோடையில், பூங்காவில் எல்லாருமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அனுவை ஏதோ ஒரு பூச்சி கொட்டியது. கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, கண் மூடி, மூச்சில் விசில் வந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. அன்றிலிருந்து சுதாவின் கைப்பையில் அவசரத்துக்குப் போடும் ஒவ்வாமை மருந்து ஊசி ஒன்று, காரில் ஒன்று, டேகேரில் ஒன்று. ஈ பறந்தால்கூட சுதா குழந்தையைத் தூக்கிக்கொள்வாள்.

ஜூலை கடைசியில் சுதா வந்து அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, எங்க வாசப்படி கீழ ஏதோ பூச்சி போயிட்டு போயிட்டு வருது. பெஸ்ட் கண்ட்ரோல் கூப்பிடவா?"

அக்கா போய்ப் பார்த்தார். நானும் போனேன். சிமெண்டுப் படிக்கும் மண்ணுக்கும் நடுவே, எலி வளை போல ஒரு ஓட்டை. மஞ்சளும் கறுப்புமாக ஒரு வண்டு பின்னங்கால்களில் மஞ்சள் உருண்டைகளைச் சுமந்துகொண்டு வந்து இறங்கி உள்ளே நடந்தது. இன்னொன்று வெளியே வந்தது.

"நம்ம வண்டுதாங்க அம்மிணி. கத்தரிக்கு வர்றது. இது கொட்டாது. ஏப்ரல்ல எங்க மரத் தளத்த தொளைச்சுட்டு இருந்துச்சே, கையிலயே புடிச்சுப் பாத்தனே. ஒண்ணும் பண்ணல."

அது உண்மை. ஏப்ரலில் அவர் ஒரு பெரிய வண்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டு வரிசை முழுவதும் காட்டினார். வெள்ளை முகத்தோடு அது கைக்குள் முரண்டு பிடித்தது. கொட்டவில்லை.

"அம்மா, இட்ஸ் ஸோ ஃபஸி!" என்றாள் அனு, தாயின் இடுப்பிலிருந்து.

"பஞ்சு மாதிரி இருக்குதுங்களா கண்ணு? ஸ்வெட்டரு."

சுதா பெஸ்ட் கண்ட்ரோலைக் கூப்பிடவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவளிடமே கேட்டேன், அவள் அவ்வளவு சுலபமாக எதையும் நம்புகிறவள் இல்லை.

"அந்தக்கா சொன்னது தப்புன்னா அவங்களே வந்து கதவைத் தட்டிடுவாங்க" என்றாள். "தட்டலன்னா கரெக்ட்னு அர்த்தம்."

அடுத்த ஒரு வாரம் அக்கா பொழுதெல்லாம் அந்தப் படி அருகில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வண்டுகளின் நடப்பை எங்களுக்குச் சொன்னார். விடிந்ததும் தேனீ எழுவதற்கு முன்பே இவை கிளம்பிவிடுகின்றன. தூறலிலும் வருகின்றன. வெயில் ஏறினால் ஒன்று மட்டும் வாசலில் நின்று இறக்கையை அடித்து உள்ளே காற்று அனுப்புகிறது. மாலையில் சுதா அலுவலகத்திலிருந்து வந்ததும் அனு அந்தப் படியிலேயே உட்கார்ந்து பாப்கார்ன் தின்றாள். அக்கா அவளிடம் எந்த வண்டு மூட்டை தூக்கி வருகிறது, எது வெறும் காலோடு வருகிறது என்று காட்டினார்.

இரண்டு விஷயங்கள் அவருக்கு இடித்தன. மரத்தைத் துளைக்கிற வண்டு மண்ணுக்குள் ஏன் போகிறது? இத்தனை வண்டுகளில் ஒன்றுக்குக்கூட வெள்ளை முகம் ஏன் இல்லை?

நூலகத்திலிருந்து பூச்சிப் புத்தகம் ஒன்று கொண்டு வந்தார். கத்தரிப் பூவில் தொங்கிய வண்டு ஒன்றை எவர்சில்வர் டம்ளரில் பிடித்து, தட்டால் மூடி, குளிர்பதனப் பெட்டியில் வைத்தார். குளிரில் வண்டு அசையாமல் இருக்கும், சாகாது. பார்த்துவிட்டு வெயிலில் வைத்தால் பறந்துவிடும். அன்று அவர் கணவர் தோசை மாவை எடுக்கப் போய், பக்கத்திலிருந்த டம்ளரைத் திறந்திருக்கிறார்.

"தம்பி, எங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள ஏதோ முனகுது" என்று அவரே என்னிடம் வந்து சொன்னார்.

அக்கா லென்ஸ் வழியாக எனக்கும் காட்டினார். ஏப்ரலில் மரம் துளைத்த வண்டுக்குப் பின்பாதி மொட்டையாக, கறுப்பு வார்னிஷ் அடித்த மாதிரி பளபளக்கும். இதற்கு உடம்பெல்லாம் முடி. முகம் கறுப்பு. வயிற்றின் முதல் பட்டை மட்டும் மஞ்சள், மற்றதெல்லாம் கறுப்பு. பின்னங்காலில் மகரந்தம் வைக்க ஒரு வழுவழுப்பான குழி. இதற்குப் பெயர் பம்பிள் பீ. அதிலும் இந்த நாட்டின் கிழக்குப் பக்கத்தில் எங்கும் காணக்கூடிய வகை. அந்த வெள்ளை முகத்து வண்டு மரம் துளைக்கும் வேறு இனத்து ஆண்; துளைப்பது பெண்தான். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது.

ஏப்ரலில் பம்பிள் பீயின் பெரிய ராணி ஒன்று தனியாக வந்து எலி விட்டுப் போன வளையில் குடியேறும். முதலில் பொரிபவை எல்லாம் வேலைக்காரப் பெண்கள். ஆகஸ்டு கடைசியில் புது ராணிகள் பொரிந்து வெளியே போகும். பனி விழுந்ததும் கூடு முழுவதும் செத்துவிடும். அந்தப் புது ராணிகள் மட்டும் மண்ணுக்குள் தூங்கி அடுத்த ஏப்ரலைப் பார்க்கும். வேலைக்காரப் பெண்களுக்குக் கொடுக்கு உண்டு. தேனீயைப் போல ஒரு தடவையோடு முடியாது; திரும்பத் திரும்பக் கொட்டும்.

இவ்வளவையும் அவர் ஒரு புதன்கிழமை மதியம் படித்து முடித்தார். படித்ததோடு விடவில்லை. நேரே தோட்டத்துக்குப் போய், துளசியில் இருந்த வண்டு ஒன்றைக் கையால் மூடிப் பிடித்தார்.

நான் எங்கள் சமையலறை ஜன்னலில் இருந்தேன். அவர் கத்தவில்லை. கையை உதறினார். குழாயில் தண்ணீரைத் திறந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"புஸ்தகத்துலயே இருக்குதேக்கா, எதுக்குப் புடிச்சீங்க?" என்றேன், ஐஸைத் துணியில் சுற்றிக் கொடுத்துக்கொண்டே.

"கொட்டாதுன்னு நான் சொன்னது புஸ்தகத்தப் பாத்து இல்லீங்க தம்பி. கையில புடிச்சுப் பாத்துச் சொன்னது. வாபஸ் வாங்கறதும் கையில புடிச்சுத்தான் வாங்கோணும்." உள்ளங்கையில் இரண்டு இடத்தில் சிவந்து தடித்திருந்தது. "மணி என்னாச்சுங்க? சுதா எத்தனைக்கு வருவாங்க?"

அப்போது மணி நாலு. சுதா வர ஆறாகும். அக்கா ஐஸ் துணியோடு போய் சுதாவின் காலியான கார் இடத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். படிப் பக்கம் அவர் போகவில்லை.

கீதா அலுவலகத்திலிருந்து வந்து, நடந்ததைக் கேட்டுவிட்டு, அவரிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"அக்கா, சொன்னீங்கன்னா சுதா உடனே மருந்தடிக்கச் சொல்லிடுவா."

"ஆமாங்க."

"நீங்கதானே சொன்னீங்க, இந்த மாசக் கடைசில புது ராணி பறந்துடும்னு. மூணு வாரம்தானே? பின் வாசல் வழியா போய் வரச் சொல்லுங்க. நீங்க கேட்டா சுதா சரின்னுடுவா."

"சரின்னுருவாங்க" என்றார் அக்கா. "அதனாலதாங்க கேக்கல."

கீதாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அதன்பின் ஐஸ் துணியை வாங்கிப் பிழிந்து அவரிடமே கொடுத்தாள்.

சுதாவின் கார் வந்து நின்றது. பின் இருக்கையில் அனு பெல்ட்டை அவிழ்க்கச் சொல்லிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா எழுந்து போய்ப் பின் கதவை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"அனுவ எறக்காதீங்க அம்மிணி."

"என்னக்கா, இன்னிக்கு என்ன வாபஸ்?" சுதா சிரித்துக்கொண்டேதான் இறங்கினாள். பிறகு வீங்கிய கையைப் பார்த்தாள்.

"நான் கொட்டாதுன்னு சொன்னது தப்புங்க. இது வேற வண்டு. கொட்டும். ஒருக்கா இல்ல, எத்தனை வாட்டி வேணும்னாலும் கொட்டும்."

சுதாவின் முகத்திலிருந்து சிரிப்பு போக நேரமானது. போனபின் குரல் ஏறியது.

"ஒரு வாரமா அங்கதானேக்கா உக்காந்திருந்தா! நீங்களே பக்கத்துல உக்கார வச்சு காட்டினீங்களே! அந்த ஓட்டை மேல காலைத் தொங்கப் போட்டுட்டு பாப்கார்ன் சாப்ட்டாளே!"

"ஆமாங்க."

"ஏதாவது ஆகியிருந்தா?"

"ஆயிருக்கும்ங்க."

தெரியாமல் சொன்னேன் என்றோ, நல்ல எண்ணத்தில் சொன்னேன் என்றோ அவர் சொல்லவில்லை. ஒரு விளக்கமாவது வரும் என்று சுதா காத்திருந்ததைப் போலிருந்தது. வராததால் அவளுக்கு மேலே கத்த முடியவில்லை. காரைப் பின்னால் எடுத்து, வரிசையைச் சுற்றிக்கொண்டு பின் வாசலுக்குப் போனாள். அனு கண்ணாடி வழியாகக் கையாட்டினாள். அக்கா இடது கையால் ஆட்டினார்.

மருந்தடிக்கிற ஆள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார். வெளியே போன வண்டுகள் எல்லாம் கூட்டுக்குத் திரும்பிய பிறகு அடிப்பதுதான் வழக்கம் என்றார். வெள்ளை உடுப்பு, தலையில் வலை. சுதா வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு நின்றாள். நான், கீதா, அக்காவின் கணவர், இன்னும் இரண்டொருவர் தெருவுக்கு அந்தப்புறம் நின்றோம். அக்கா வரவில்லை. அவர் வீட்டுத் திரை மூடியிருந்தது.

மருந்தடிக்கிறவர் ஒரு நீளக் குழாயைப் படிக்கட்டு ஓட்டைக்குள் விட்டு வெள்ளைப் பொடியைப் பீய்ச்சினார். உள்ளே பேஜர்கள் ஒன்றாக அடிப்பதைப் போல ஒரு சத்தம் எழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவர் ஓட்டையை மண்ணால் அடைத்துவிட்டு, குழாயைச் சுருட்டத் தொடங்கினார்.

அப்போது கடைசி வீட்டுக் கதவு திறந்தது. அக்கா கட்டுப் போட்ட கையோடு வந்தார். வரிசையோரமாக நடந்து, அந்த ஆளிடம் போய், தன் நிதானமான ஆங்கிலத்தில் இன்னொரு வாசல் இருக்கிறது என்றார். மழைநீர்க் குழாய்க்குப் பின்னால், செங்கல் இடுக்கில், விரல் நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவர் டார்ச்சை அந்த ஆளின் கையிலிருந்து வாங்கி அதன்மேல் பிடித்தார். ஒரு வண்டு வெளியே தலையை நீட்டி, வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பியது.

அந்த ஆள் அவரைப் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார். அவர் ஓரடி தள்ளி நின்று, வேலை முடியும்வரை வெளிச்சத்தை அசையாமல் பிடித்திருந்தார்.

திரும்பி வரும்போது அவர் கணவர், "அதை எதுக்குச் சொல்லப் போனே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பாதி செத்தா மீதிக்குக் கோவம் வருமுங்க. காலைல அனு அந்த வழியா வருவாங்க" என்றார். வீட்டுக்குள் போய் விளக்கை அணைத்துவிட்டார்.

அதன்பின் சுதா அக்காவோடு பேசுவது குறைந்தது. சண்டை என்று சொல்ல முடியாது. பார்த்தால் தலையசைப்பாள், நின்று பேச நேரமில்லாதவளைப் போல நகர்ந்துவிடுவாள். அக்கா தன் செடியில் காய்த்த கத்தரிக்காயை எப்போதும் போல ஒரு பையில் போட்டு சுதா வீட்டுப் பின் வாசல் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்தார்.

அக்டோபரில் அனுவுக்கு ஒவ்வாமை மருத்துவரிடம் முறை கிடைத்தது. முதுகில் சின்னச் சின்னதாகக் குத்திப் பார்த்தார்கள். அன்று மாலை சுதா அலுவலக உடையோடு, செருப்பை மாற்றாமல், கடைசி வீட்டுக்கு நடந்து போனாள். நானும் அக்காவின் கணவரும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். சுதா உட்காரவில்லை.

"அக்கா, டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சு. அனுவுக்குக் குளவிதான் ஆகாது. அன்னிக்குப் பார்க்குல கொட்டினது குளவி. தேனீக்கு ஒண்ணுமில்லையாம். நெகட்டிவ்." கைப்பையை மறு தோளுக்கு மாற்றினாள். "அப்ப நான் அந்தக் கூட்டை அடிக்கச் சொன்னது தப்புக்கா. போன்ல சொல்லியிருக்கலாம். உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை விஷம் வச்சுப் பாத்தாங்க அம்மிணி?"

"தேனீ ஒண்ணு, அப்புறம் குளவில ரெண்டு மூணு வகை."

"பம்பிள் பீ வச்சுப் பாத்தாங்களா?"

சுதா யோசித்தாள். "அது அந்த டெஸ்ட்லயே கிடையாதுன்னு நெனைக்கிறேன்."

"தேனீ வேற, இது வேறங்க. அது ஆகுதுங்கறதுக்காக இது ஆகும்னு சொல்ல முடியாது. ஆகாதுன்னும் சொல்ல முடியாது." அக்கா அவளை உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். "அப்பத் தெரியாதுங்க. தெரியாததுக்கு வாபஸ் இல்ல. நீங்க அன்னிக்கு பண்ணினது சரிதான்."

சுதா உட்கார்ந்தாள். அழுதாள் என்று சொல்லும் அளவுக்கு அழவில்லை. அக்கா காபி கொண்டு வந்தார். சர்க்கரை போதாது என்றாள் சுதா. அக்கா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, ஆமாம், போதாதுதான் என்றார்.

அடுத்த பிப்ரவரியில் அக்காவின் கணவருக்கு டெக்சாஸில், இர்விங்கில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று விமான நிலையத்துக்குப் போகும் கார் வாசலில் நின்றது, பெட்டிகள் ஏறிவிட்டன. அக்கா இறங்கி ஓடி வந்து எங்கள் கதவைத் தட்டினார்.

"கீதா, உங்க மிக்ஸி மோட்டாரு போச்சுன்னு சொன்னனே, மோட்டாரு நல்லாத்தான் இருக்குதுங்க. பிளக்தான் லூசு. புதுசு வாங்கிப்போடாதீங்க."

புதுசு ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. கீதா அதைச் சொல்லவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை, சுதா காரில் ஏறப் போனவள் நின்று என்னைக் கையால் கூப்பிட்டாள். பெரிய வண்டு ஒன்று தரையை ஒட்டி, இங்கும் அங்குமாகத் தேடிக்கொண்டு பறந்தது. நாங்கள் அசையாமல் பார்த்தோம். அது சுதா வீட்டுப் படிக்கட்டு அருகில் இறங்கி, மண் அடைத்த ஓட்டையைச் சுற்றி நடந்து, எழுந்து, என் வீட்டுப் பக்கம் வந்தது.

"முதுகுல முடி இருக்கு" என்றாள் சுதா, தணிந்த குரலில். "முதல் பட்டை மஞ்சள். முகம் கறுப்பு."

அது எங்கள் வாசல் புதருக்கு அடியில் இருந்த எலி வளைக்குள் போயிற்று. வெளியே வரவில்லை.